நெல் வயலின் ஊசித்தட்டான்: அதனைக் காணும் முறையும் படம் எடுக்கும் முறையும்

நம் பக்கத்துச் சிறுவர்களுள் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடாதவர் அரியர். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியோர் சொல்வதையும் யாவரும் கேட்டிருக்கிறோம். ஆயினும், அதே குலத்தில் பிறந்து, அதனினும் மெலிந்த உடலோடு, வரப்புப் புல்லிலும் நெற்பயிரின் அடியிலும் சத்தமின்றித் திரியும் ஊசித்தட்டானை நின்று கவனித்தவர் மிகச் சிலரே. சிலர் இதனை ஊசித்தும்பி என்றும் கூறுவர். இப்பூச்சி பயிருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. அன்றியும், நெல்லின் பெரும் பகையாகிய புகையானையும் பச்சைத் தத்துப்பூச்சியையும் பிடித்துத் தின்று குடியானவனுக்குக் கூலியின்றி உழைக்கிறது. இதனை அடையாளம் அறிந்து, வாரந்தோறும் பார்த்து, படம் எடுத்து வைக்கும் வழக்கம் நம் விவசாயிகளுக்கு ஏற்படுமாயின், வீண் மருந்துச் செலவும் அதனால் வரும் நஷ்டமும் பெரிதும் குறையும். அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் விதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அநுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில், வத்திராயிருப்புப் பக்கத்தில் ஒரு நிலச்சுவான்தார் தம் வயலில் இலைச்சுருட்டுப் புழு கண்டிருப்பதாகக் கூறி என்னை அழைத்தார். சென்று பார்த்தேன். சேதம் சொற்பமே. எனினும் அவர் மனம் பொறுக்கவில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த மருந்தொன்றை வாங்கி வைத்திருந்தார். அடிக்கலாமா என்று கேட்டார். புழுவை மட்டும் பார்த்த நான், வேறொன்றையும் எண்ணிப் பாராமல், அடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். புறப்படுமுன் ஞாபகத்திற்காக வரப்பினின்று வயலைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டேன்.

தை மாதத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது. வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடந்தது. தூரைப் பிரித்துப் பார்த்தால் அடியில் புகையான் மொய்த்திருந்தது. மருந்து அடியாத அடுத்த வயலிலோ அத்தகைய வட்டம் ஒன்றும் இல்லை. "ஐயா, தாங்கள் சொன்னபடிதானே அடித்தேன்?" என்றார் அவர். எனக்கு விடை கூற நாவெழவில்லை. அன்றிரவு கார்த்திகையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்துப் புல்லில் நான்கு ஊசித்தட்டான்கள் தெளிவாக அமர்ந்திருந்தன. தை மாதத்தில் அதே வரப்பில் எடுத்த படங்களில் ஒன்றுகூட இல்லை. படத்தில் பதிந்ததை என் கண் அன்று பதிய வைக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஒரு வயலில் நேர்ந்ததைக் கொண்டு பொதுவிதி கூறலாகாது. ஆனால் இவ்வநுபவம் ஆராய்ச்சியாளர் பல தேசங்களில் கண்ட உண்மையோடு பொருந்துகிறது. சில பூச்சிமருந்துகள் புகையானைவிட அதன் பகைவர்களை அதிகமாகக் கொன்றுவிடுவதால், பின்னர்ப் புகையான் முன்னிலும் பன்மடங்காகப் பெருகும். தண்டின் உள்ளே இட்ட முட்டைகள் மருந்துக்குத் தப்பிப் பொரிக்கும்போது, அவற்றைத் தின்பார் வயலில் இல்லாமற் போவதே இதற்கு முக்கியக் காரணம். இந்தோனேசியாவில் இத்தகைய பெருஞ்சேதம் நேர்ந்தபின், 1986-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு வழங்கிய 57 பூச்சிமருந்துகளை ஒரே கட்டளையால் விலக்கியது. 1989 முதல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. அப்பள்ளிகளில் உழவர்கள் வாரந்தோறும் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் கண்டு, தாங்களே சித்திரம் வரைந்து, அதன்பின் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்தனர். அவர்கள் கையால் வரைந்ததை நாம் கைப்பேசியால் எளிதாகச் செய்யலாம்.

அடையாளம்

தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்தறிவது கடினமன்று. தட்டான் அமரும்போது இறக்கைகளை இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களுள் பெரும்பாலானவை இறக்கைகளை முதுகின்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தட்டானின் கண்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஊசித்தட்டானின் கண்களோ தலையின் இரு ஓரங்களிலும் விலகி நிற்கும். தட்டானின் பின்னிறக்கை முன்னிறக்கையினும் அகன்றது. ஊசித்தட்டானுக்கு நான்கு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே வடிவாக இருக்கும்.

நம் வயல்களிலும் கண்மாய்க் கரைகளிலும் சாதாரணமாகக் காணத்தக்கவை பின்வருமாறு:

1. அக்ரியோக்நெமிஸ் என்னும் மிகச் சிறிய வகை. நீளம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. இவ்வகையில் பிக்மியா என்பதன் ஆண், கருமையும் பசுமையும் கலந்த மார்பும் செங்கல் நிறமான வால்நுனியும் உடையது. இளம் பெண்பூச்சிகள் சிவந்து காணப்படுவதுண்டு. ஃபெமினா என்னும் மற்றொன்றின் முதிர்ந்த ஆண், மார்பில் திருநீறு பூசினாற் போல வெளுத்திருக்கும்.

2. இஷ்னூரா வகை. செனகலென்சிஸ் என்பதன் ஆணுக்கு மார்பு பசுமையாகவும் வால்நுனிக்கு அருகில் ஒரு கணு நீலமாகவும் இருக்கும். ரூபிலியோ என்பதன் ஆண் மஞ்சள் வாலும் நீல நுனியும் உடையது.

3. செரியாக்ரியான் கோரமண்டலியானம். இதன் ஆணுக்கு வால் முழுதும் மஞ்சள். 1798-ம் ஆண்டில் ஃபாப்ரிஷியஸ் என்னும் பண்டிதர் இதற்குப் பெயரிட்டார். நமது சோழமண்டலக் கரையின் பெயரே இதற்கு அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்நாட்டின் ஊசித்தட்டான்களை விரிவாக ஆராய்ந்தவர், இந்திய மருத்துவச் சேவையில் வைத்தியராக இருந்த ஃபிரேசர் என்பவர். தட்டான் இனங்களைப் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936-ம் ஆண்டுகளில் வெளிவந்தன. உத்தியோகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஒருவர் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

வாழ்க்கை முறை

ஆண்பூச்சி தன் வால்நுனியால் பெண்ணின் கழுத்தைப் பற்றிக்கொள்ள, பெண் தன் வாலை முன்னே வளைக்கும். அப்போது இரண்டும் சேர்ந்து ஒரு வளையம்போலத் தோன்றும். பின்னர்ப் பெண், நீரிலுள்ள செடிகளின் தண்டைக் கீறி உள்ளே முட்டைகளை வைக்கும். முட்டை பொரித்து வரும் குஞ்சு நீரிலேயே வாழும். அதன் வாலில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருப்பதே அடையாளம். அதன் கீழுதடு மடக்குக் கத்திபோல் மடங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் நொடியில் நீண்டு பற்றும். கொசுப்புழுவும் மற்றச் சிறு நீர்ப்பூச்சிகளும் அதற்கு உணவு. நெல்வயலிலுள்ள குஞ்சுகள் தண்டின்மேல் ஏறிப் புகையானின் இளம் பூச்சிகளைத் தேடுவதும் உண்டு. வளர்ச்சி முற்றியதும் குஞ்சு தண்டில் ஏறி, தோலுரித்து, இறக்கையுள்ள பூச்சியாக வெளிப்படும். உரித்த தோல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தட்டான் பயிருக்கு மேலே பறந்து வேட்டையாடும். ஊசித்தட்டானோ பயிரின் நுனிக்குக் கீழே, தூர்களின் நடுவே நுழைந்து திரியும். புகையான் தங்கும் இடமும் அதுவே. ஆதலால் நெல்வயலுக்கு இச்சிறு பூச்சியின் உபகாரம் பெரிது.

காணும் இடமும் காலமும்

சேத்தூர், தேவதானம், வத்திராயிருப்பு முதலிய நெல் விளையும் இடங்களில் வரப்போரப் புல்லும், மடையை அடுத்த வாய்க்காலும் முதலில் பார்க்கத்தக்கவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய் போன்ற நீர்நிலைகளில் கோரையும் சம்பும் நிற்கும் ஓரங்கள் ஏற்றவை. மேற்கே மலையடிவாரத்து ஓடைகளில் வேறு சாதிகள் வாழும். ஆணின் பின்னிறக்கை பச்சை உலோகம்போல் மின்னும் நியூரோபேசிஸ் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்குரிய அழகுள்ள பூச்சியாகும். ஆனால் மலைக்காடு 1988 முதல் நரை அணிலின் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் உள்ளது. வன இலாகாவின் அநுமதியின்றி உள்ளே செல்லலாகாது. அய்யனார் கோவில், சாஸ்தா கோவில் பக்கங்களில் மலைமேல் மழை பெய்தால் ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். படத்திற்காக ஓடை நடுவில் நிற்பது உயிருக்கு ஆபத்து.

புரட்டாசி முதல் தை வரை, மழையும் நீர்ப்பாய்ச்சலும் உள்ள காலம் பார்ப்பதற்குச் சிறந்தது. பொழுது புலர்ந்து பனி உலருமுன் பூச்சிகள் குளிரால் அசையாமல் இருக்கும். படம் எடுப்பதற்கு அதுவே தக்க வேளை. அவற்றின் வேட்டையையும் இணைசேர்க்கையையும் காண விரும்புவோர் வெயில் ஏறிய பின் முற்பகலில் செல்ல வேண்டும்.

காணும் முறை

வரப்பின்மேல் மெதுவாக நடந்து செல்க. பயிருக்குள் இறங்கி மிதிக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் குந்தியிருந்து ஐந்து நிமிஷம் அசையாமல் காத்திருந்தால், முதலில் ஒன்றுமில்லாதது போல் தோன்றிய புல்லில் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படும். ஆள் நெருங்குவதை அறிந்த ஊசித்தட்டான் பறந்தோடாமல், தண்டின் மறுபுறத்திற்கு நகர்ந்து ஒளிந்துகொள்வதுண்டு. அப்போதும் தண்டின் இருபுறமும் அதன் கண்கள் மட்டும் பிதுங்கித் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பொறுமையாய் இருந்தால், சற்று நேரத்தில் திரும்பிப் பழைய இடத்திற்கே வரும். பறந்து போனாலும் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அருகிலேயே மறுபடி அமரும்.

குஞ்சுகளைக் காண்பதற்கு ஒரு வெள்ளைத் தட்டுப் போதும். வயல்நீரைச் சேற்றோடு சிறிது அள்ளித் தட்டில் விட்டுத் தெளியவிட்டால், மூன்று இலைவால் உடைய குஞ்சுகள் ஊர்வது தெரியும். பார்த்தபின் அந்நீரை அவ்விடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

படம் எடுக்கும் முறை

விலையுயர்ந்த புகைப்படக் கருவி அவசியமன்று. கைப்பேசியே போதுமானது. பின்வரும் விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும்:

1. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழுந்தால் அது உடனே பறந்துவிடும்.

2. நின்றபடி மேலிருந்து எடுக்கலாகாது. பூச்சியின் உயரத்திற்குத் தாழ்ந்து, ஒவ்வோர் அடியாக நெருங்க வேண்டும். முதலில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு நெருங்குவது சிலாக்கியம்.

3. அருகிலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு மெல்லிய தளம் மட்டுமே தெளிவாக விழும். ஆகையால் கைப்பேசியைப் பூச்சியின் உடல் நீளத்திற்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கண் முதல் வால்நுனி வரை ஒருங்கே தெளியும்.

4. பூச்சி மெலிந்திருப்பதால் கைப்பேசி அதனை விட்டுப் பின்னாலுள்ள புல்லைத் தெளிவாக்கிவிடும். அப்படியானால், பூச்சி அமர்ந்திருக்கும் தண்டினைத் திரையில் விரலால் தொட்டுக் கூர்மைப்படுத்திக்கொண்டு எடுக்கவும்.

5. காற்றில் புல் ஆடினால் ஓய்வுக்குக் காத்திருந்து, தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றாவது நன்றாக அமையும்.

6. ஒரே பூச்சியை மூன்று விதமாக எடுக்கவும்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனி தெரிய ஒன்று. மார்பின் கோடுகளும் வால்நுனியின் உறுப்புகளுமே சாதியை அறியும் குறிகள்.

7. புதிதாய்த் தோலுரித்த பூச்சி வெளிறி, இறக்கை பளபளத்திருக்கும். நிறம் முதிரச் சில நாட்கள் ஆகும். அதைக் கொண்டு சாதி கூறுவது தவறாக முடியும்.

அழகான படத்திற்காகப் பூச்சியைப் பிடித்தும், இறக்கையை ஒட்டியும், குளிரூட்டியும் வைப்பது தகாது. நமக்கு வேண்டியது அது உயிரோடு தன் வேலையைச் செய்யும் நிலையின் பதிவேயாகும். பெயர் தெரியாத படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத் தளத்தில் இட்டால், அறிந்தோர் பலர் பார்த்துப் பெயர் கூறுவர்.

குறிப்பேடும் மருந்துத் தீர்மானமும்

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரே வரப்பில் இருபது அடி நடந்து, கண்ட ஊசித்தட்டான்களை எண்ணிக் குறித்துக்கொள்ளவும். அவ்விடத்தின் படம் ஒன்றையும் தேதியோடு சேர்த்து வைக்கவும். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். இது தூரைப் பிரித்துப் புகையானை எண்ணுவதற்குப் பதிலாகாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

புகையானுக்கு மருந்தடிக்கும் அளவைப் பற்றித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் விதியே இதற்கு வழிகாட்டி. வேட்டைச் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமாயின் தூருக்கு இரண்டு என்பது எல்லை. அதாவது, நண்பர்களின் தொகையைப் பார்த்தே பகைவர்களின் தொகையை மதிப்பிட வேண்டும் என்பது விதியிலேயே அடங்கியிருக்கிறது. ஊசித்தட்டான் தனியே நின்று புகையானை ஒழித்துவிடும் என்று கருதலாகாது. சிலந்தி, பொறிவண்டு, புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி ஆகிய எல்லாம் கூடியே அவ்வேலையைச் செய்கின்றன. ஆனால் அவற்றுள் வரப்பில் நின்றபடியே நம் கண்ணுக்கு எளிதில் தென்படுவது ஊசித்தட்டான். அது இருக்கும் வயலில் மற்றவற்றையும் தேடிப் பார்க்க அது நமக்கு நினைவூட்டும்.

எல்லையைத் தாண்டிப் புகையான் கண்டால் தாமதம் கூடாது. நீரை வடித்து, அடித்தூரில் படும்படி, சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை மட்டும் அடிக்க வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் புகையானைப் பெருக்கிவிடும் ஆதலால் அவற்றை விலக்குக. நீரை வடிக்கும்போது வாய்க்காலிலாவது ஒரு மூலையிலாவது சிறிது நீர் தேங்க விட்டால், நீர்வாழ் குஞ்சுகள் முற்றும் அழியா. மருந்து அடித்த டப்பாவையும் தெளிப்பானையும் அந்நீரில் கழுவலாகாது. தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இடாமலும், நடும்போது எட்டடிக்கு ஓரடி வீதம் இடைவெளிப் பட்டம் விட்டும் பயிர் செய்தால் புகையானுக்கு இடம் குறையும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

அடங்கல் பதிவுக்காக வயல்களைப் பார்வையிடும் உத்தியோகஸ்தர்கள், பயிரைப் பார்க்கும்போதே வரப்பையும் பார்த்து ஒரு படம் எடுத்து வைத்தால், கிராமம் முழுமைக்கும் ஒரு சரித்திரம் சேரும். எந்தப் பகுதியில் பூச்சி குறைந்தது, எந்த வாரத்தில் குறைந்தது என்பது படத்தின் தேதியாலேயே விளங்கும். கண்மாயைத் தூர்வாரும்போது ஆகாயத்தாமரையை அகற்றுவது அவசியமே. ஆனால் கரையோரத்துக் கோரையையும் சம்பையும் ஒரேயடியாக மழித்துவிடாமல், மடையையும் கலிங்கையும் விட்டு விலகிய ஓரிடத்திலேனும் ஒரு பட்டையாக நிறுத்தி வைத்தால், முட்டையிட இடம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளையும் இவ்வேலையில் ஈடுபடுத்தலாம். நூல் கட்டி விளையாடும் கைகள் எண்ணிக்கை எடுக்கப் பழகினால், பெற்றோரினும் கூர்மையாக அவர்களே பார்த்துச் சொல்வர்.

மேலே சொன்ன நிலச்சுவான்தார் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் தம் பேத்தியோடு வரப்பில் நடந்து, எடுத்த படங்களை எனக்கு அனுப்புகிறார். சென்ற ஒரு போகத்தில் இலைச்சுருட்டுப் புழு மறுபடியும் தோன்றியது. மருந்தை எடுக்குமுன் முந்தின நாலு வாரப் படங்களை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஊசித்தட்டான்கள் குறையவில்லை, தூரில் சிலந்திகளும் இருந்தன, புழுவின் சேதமும் எல்லைக்குள் இருந்தது. மருந்தை அடிக்காமல் விட்டோம். பயிர் கதிர் வாங்கியது. விவசாய நேயர்கள் யாவரும் இவ்வாரமே ஒரு வரப்பைத் தேர்ந்தெடுத்து, முதற்படத்தை எடுத்து வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.